புகை விட்ட பிறகும் ஓடுகிற எக்ஸ்டி: முதலில் கை வைக்க வேண்டியது டிஸ்க்கிலா, எஸ்எம்பிஎஸ்ஸிலா?

கேள்வி

வணக்கம். அப்பாவின் பழைய கணினியைப் பற்றி ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி, ஐபிஎம் எக்ஸ்டியைப் பார்த்துச் செய்த குளோன். 8088 ப்ராசசர், 640 கேபி ரேம், ஒரு 360 கேபி ஃப்ளாப்பி டிரைவ், பச்சை எழுத்து மானிட்டர். உள்ளே ஒரு 20 எம்பி ஹார்டு டிஸ்க். அதன் லேபிளில் 615 சிலிண்டர், 4 ஹெட் என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு இரண்டு ரிப்பன் கேபிள்கள் போகின்றன, ஒன்று அகலமானது, மற்றது குறுகல். டாஸ் 3.3. அப்பா இதில் வேர்ட்ஸ்டாரில் கடிதங்கள் அடிப்பார், ஜிடபிள்யூ பேசிக்கில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவார். 1994 வாக்கில் வேறு கணினி வந்ததும் இதைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். அவர் போய் மூன்று வருடமாகிறது. போன மாதம்தான் நான் அந்தத் துணியை எடுத்தேன்.

செய்தது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. தூசியை ஊதிவிட்டு, வயரைச் சொருகி, அப்படியே சுவிட்சைப் போட்டேன். ஓடியது! ரேமை எண்ணி முடித்தது, டிஸ்க் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே சுழன்றது, சி ப்ராம்ப்ட் வந்து நின்றது. டைரக்டரி போட்டால் அப்பா வைத்த பெயர்களில் ஃபைல்கள் வரிசையாக ஓடின. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பத்து நிமிடத்தில், பெட்டியின் பின்பக்கத்திலிருந்து டப்பென்று ஒரு வெடிப்பு. வெள்ளைப் புகை. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினேன். ஆச்சரியம் என்னவென்றால், நான் பிடுங்குகிற வரை திரையில் எழுத்து அப்படியே இருந்தது. கணினி நிற்கவே இல்லை.

மறுநாள் மனம் கேட்காமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன் (திட்டாதீர்கள்). கணினி ஏறியது, ஆனால் இந்த முறை டிஸ்க் சுழலவில்லை. 1701 என்று பிழை காட்டியது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் சுழன்றது. அதோடு பயந்து நிறுத்திவிட்டேன்.

எனக்கு வேண்டியது இரண்டு. முதலாவது, அந்த டிஸ்க்கில் இருக்கிற அப்பாவின் ஃபைல்கள். இரண்டாவது, முடிந்தால் பெட்டி தொடர்ந்து ஓட வேண்டும். சால்டர் வைக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. எதில் முதலில் கை வைப்பது?

பதில் 1

நேராகச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பெட்டிக்கு மின்சாரம் தருகிற பவர் சப்ளையை, தூக்கிப் போட்டுவிட்டு, இன்றைய கணினிகளில் வருகிற ஏடிஎக்ஸ் வகை ஒன்றை அடாப்டர் வயரோடு மாட்டுங்கள். டிஸ்க்குக்குப் பதிலாக சிஎஃப் என்கிற மெமரி கார்டு. அரை நாள் வேலை. நாற்பது வருடச் சாமான்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால் இன்றைய கணினியிலேயே எமுலேட்டர் (பழைய கணினி போல நடிக்கிற நிரல்) போட்டு டாஸ் ஓட்டலாம், புகையும் வராது.

பதில் 2

தம்பி (வயது தெரியாது, உரிமையில் கூப்பிடுகிறேன்), இந்த மாதிரிப் பெட்டிகளை அவை புதிதாக இருந்த காலத்திலேயே பிரித்துச் சேர்த்துப் பிழைத்தவன் நான். கெப்பாசிட்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் கண்டன்சர் என்றுதான் வாயில் வரும். அதைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

புகை வந்தும் கணினி நிற்கவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்தில், லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு கண்டன்சர் இருக்கும். எக்ஸ் வகை என்பார்கள். எஸ்எம்பிஎஸ் போடுகிற இரைச்சல் வெளியே லைனில் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. அவன் விழுந்துவிட்டாலும் வீட்டுக்குள் சமையல் நடந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் காலத்தில் இதை உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குள் அடைத்துச் செய்தார்கள். வருடங்கள் போகப் போக அந்த மேல்கூட்டில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியாக ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். முப்பது வருடம் மூடிக் கிடந்தால் இறங்குவதற்கு எவ்வளவு அவகாசம் பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்தால் கசிந்து, சூடாகி, வெடிக்கும். கணக்காகப் பத்து நிமிடம்.

ஆகவே பெட்டி சாகவில்லை. ஆனால் பிழைத்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. இனி அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல் சுவிட்ச் போடவே கூடாது.

திறக்கிறதுக்கு முன்னால் ஒன்று. 230 வோல்ட்டை நேராக்கினால் சுமார் 325 வோல்ட் டிசி. அது உள்ளே இருக்கிற இரண்டு பெரிய கண்டன்சரில் தேங்கி நிற்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, மீட்டரை வைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பிடிப்பு உள்ள வயரில் கட்டி இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் அடிக்கிற வீரம் வேண்டாம். நான் அடித்திருக்கிறேன், முனை உருகிய ஸ்க்ரூ டிரைவர் இன்னும் இருக்கிறது.

வெடித்த இடத்தில் என்ன மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறதோ அதே அளவு, எக்ஸ்2 என்று அச்சடித்த பாலிப்ரொப்பிலீன் வகை போடுங்கள். 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல். பக்கத்தில் லைனிலிருந்து எர்த்துக்குப் போகிற சின்னவை இருக்கும், அவை ஒய் வகை. அவற்றை மாற்றினால் ஒய் வகையாலேயே மாற்ற வேண்டும். ஏனென்றால் எக்ஸ் செத்தால் புகை, ஒய் ஷார்ட் ஆனால் பெட்டியின் தகரத்திலேயே கரண்ட். அளவு ஒன்றுதானே என்று கையில் கிடைத்த சாதாரண கண்டன்சரைச் சொருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். டிஸ்க் சுழலாததை டிஸ்க்கின் குற்றம் என்று இன்னும் தீர்ப்பு எழுதாதீர்கள். டிஸ்க் மோட்டார் 12 வோல்ட் லைனில் ஓடுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிப்பக்கத்து எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் உள்ளே காய்ந்து போயிருந்தால் அந்த ஒரு நொடிக்கு அதனால் ஈடு கொடுக்க முடியாது. மீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் அழகாகத் தெரியும், மோட்டார் கிளம்புகிற நொடியில் தொங்கிப் போகும். கொள்ளளவு அளக்கிற மீட்டரும் ஏமாற்றும், இஎஸ்ஆர் (கண்டன்சரின் உள்தடை) அளக்கிற மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால், வெளிப்பக்கத்து எலக்ட்ரோலிடிக்குகளை மொத்தமாக மாற்றிவிடுங்கள். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகை. பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் பிளஸ் மைனஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் அச்சடித்திருக்கிற குறியை நம்பி ஒரு தடவை மோசம் போயிருக்கிறேன்.

மாற்றின பிறகு நேராகக் கணினியில் மாட்ட வேண்டாம். சீரிஸ் போர்டு கட்டுங்கள், அதாவது 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்து அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். அப்புறம், அந்தக் கால எஸ்எம்பிஎஸ்களுக்கு லோடு இல்லாமல் ஓடப் பிடிக்காது. டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிடும், கெட்டுப்போச்சு என்று நீங்கள் நினைப்பீர்கள். வண்டி இண்டிகேட்டரில் வருகிற 12 வோல்ட், 21 வாட் பல்பை 12 லைனில் ஒன்றும் 5 லைனில் ஒன்றும் கட்டுங்கள். ஐந்து வோல்ட்டில் அது மங்கலாகத்தான் எரியும், ஆனாலும் ஒரு ஆம்பியர் போல இழுக்கும். சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு அளக்கும்போது 5 லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே நிற்க வேண்டும், 12 லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் கையால் ஒரு கொலை நடந்திருக்கிறது. அக்கா பையன் ஒரு எட்டு பிட் வீட்டுக் கணினியைக் கொண்டுவந்து கொடுத்தான், விசைப்பலகையும் கணினியும் ஒன்றாக இருக்கிற வகை. அதன் பவர் சப்ளை தனிக் கட்டி, உள்ளே பூராவும் பிசின் ஊற்றி அடைத்தது. திறக்க முடியாது, அதனால் நான் அளக்கவும் இல்லை. சொருகினேன். நீலத் திரை வர வேண்டிய இடத்தில் கறுப்பு. அப்புறம் அளந்தால் 5 வோல்ட் வர வேண்டிய முனையில் 8-க்குப் பக்கத்தில் வருகிறது. உள்ளே ரெகுலேட்டர் செத்து, தடுக்கிற ஆள் இல்லாமல் போய்விட்டது. ரேம் சிப்கள் எல்லாம் கைவைக்க முடியாத சூடு. பையன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

டிஸ்க் செத்தால் தனியாகச் சாகும். எஸ்எம்பிஎஸ் செத்தால் துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் வரிசை இது: முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம் டிஸ்க்கிலிருந்து ஃபைல், அதற்கு அப்புறம்தான் டிஸ்க்கை மாற்றுவதைப் பற்றிய பேச்சு.

மேலே நண்பர் ஏடிஎக்ஸ் சொன்னார். தப்பில்லை. உங்கள் சால்டரின் மேல் உங்களுக்கே நம்பிக்கை வராவிட்டால், ஃபைல் எடுக்கிற வரைக்கும் அதை இரவல் வாங்கி ஓட்டுங்கள். இரண்டு விஷயம் மட்டும். புதிய ஏடிஎக்ஸில் மைனஸ் 5 வோல்ட் லைன் கிடையாது. உங்கள் போர்டுக்கு அநேகமாக அது வேண்டியிருக்காது. 16 கேபி ரேம் சிப்கள் போட்ட ஆரம்பகாலப் போர்டுகளுக்கும் ஸ்லாட்டில் சொருகுகிற சில ஐஎஸ்ஏ அட்டைகளுக்கும்தான் வேண்டும். வேண்டுமென்றால் மைனஸ் 12-இலிருந்து 7905 ரெகுலேட்டர் ஒன்றை வைத்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, போர்டில் சொருகுகிற பி8, பி9 என்கிற இரண்டு கனெக்டர்கள். கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும். அதை யாராலும் மீட்க முடியாது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! திறந்தேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில் ஒரு சின்னச் செங்கல், வயிறு பிளந்து, சுற்றிலும் பிசுபிசுவென்று ஒரு பழுப்புக் கசடு. அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில், வெடிக்கவில்லை, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலெல்லாம் விரிசல். இரண்டும் 0.1 மைக்ரோஃபாரட். இரண்டையும் எடுத்துவிட்டேன். கண்டன்சர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும்.

இதற்கிடையில் டிஸ்க்கைப் பற்றிக் கேட்ட இடமெல்லாம் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வை என்கிறார் ஒருவர். மூடியைத் திறந்து கையால் தட்டைச் சுற்றிவிடு என்கிறார் இன்னொருவர். லோ லெவல் ஃபார்மட் போட்டால் புதிதாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். அப்புறம் அந்தக் கீச் சத்தம். பேரிங் போய்விட்டதா?

பதில் 3

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி மேலே சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க் என் ஏரியா. நான் சேர்த்து வைத்திருப்பதில் பாதி, உங்களுடையது போல இரண்டு ரிப்பன் கேபிள் போகிற எம்எஃப்எம் வகை டிஸ்க்தான், கணவர் அவற்றைச் செங்கல் என்கிறார்.

மூன்று யோசனைகளும் வேண்டாம். ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் தட்டின் மேல் ஈரம் பனிக்கும், ஹெட் (தட்டைப் படிக்கிற முனை) அதன் மேல் உராயும். மூடியைத் திறந்தால் உள்ளே இறங்குகிற தூசியே ஹெட்டுக்குப் பாறை. லோ லெவல் ஃபார்மட்டோ, எல்லாவற்றையும் அழித்துவிடும். டாஸோடு வருகிற டீபக் என்ற நிரலில் ஜி=சி800:5 என்று அடிக்கச் சொல்லி யாராவது சொன்னால் அது அதுதான். ஃபைல்களை எடுத்த பிறகு செய்தால் உண்மையிலேயே டிஸ்க்குக்கு நல்லது, முன்னால் செய்தால் அப்பாவின் கடிதங்கள் போச்சு. செக்டிஸ்க்கை ஸ்லாஷ் எஃப் போட்டு ஓட்டாதீர்கள், அதுவும் டிஸ்க்கில் எழுதும்.

கீச் சத்தம் பேரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. டிஸ்க்கைக் கவிழ்த்து, போர்டின் பக்கம் பாருங்கள். மோட்டார் அச்சின் நுனியை ஒரு மெல்லிய உலோக நாக்கு தொட்டுக்கொண்டிருக்கும், நுனியில் கரிப் பொட்டு. சுழலும் தட்டில் சேர்கிற நிலைமின்சாரத்தை இறக்குவதற்கு அது. பொட்டு தேய்ந்து குழிந்தால் கத்தும். கழற்றி எறியாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். நாக்கின் முதுகில் நுரை டேப் ஒரு துண்டு ஒட்டினால் அதிர்வு அடங்கி வாயை மூடிக்கொள்ளும்.

சுழலாததற்கு 12 வோல்ட் தொங்கிப்போவது காரணமாக இருக்கலாம் என்று அண்ணன் சொன்னது சரிதான். இன்னொரு காரணமும் உண்டு. இந்த டிஸ்க்குகள் அணைத்ததும் தானாகப் பார்க் ஆகாது, அதாவது ஹெட் பத்திரமான இடத்துக்குப் போய் நிற்காது. ஹெட் எங்கே இருந்ததோ அங்கேயே தட்டின் மேல் இறங்கி உட்காரும், முப்பது வருடத்தில் ஒட்டிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் சரியான பிறகும் சுழலவில்லை என்றால், டிஸ்க்கைக் கிடைமட்டமாக இரண்டு கையிலும் பிடித்து, மூடியைத் திருகுகிற மாதிரி மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்பு. தட்டுவதில்லை, திருப்புவது. அதற்கே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

சுழன்றதும் அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். இதில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். இன்றைய டிஸ்க் மாதிரி தட்டில் இருக்கிற குறியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது. இத்தனை படி நகரு என்றால் குருட்டுத்தனமாக நகரும். உலோகம் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்குவதால் ட்ராக் மயிரிழை தள்ளிப் போயிருக்கும். அரை மணி நேரம் சும்மா சுழலவிட்டுச் சூடேற்றிய பிறகு படித்தால், குளிரில் வராத செக்டர்கள் பல வந்துவிடும். சில சமயம் நேர்மாறாக, சூட்டில் வராதது குளிரில் வரும். இரண்டு நிலையிலும் முயலுங்கள்.

எடுக்கிற வழி. எக்ஸ்டி-ஐடிஇ என்று ஆர்வலர்கள் உருவாக்கிய எட்டு பிட் அட்டை ஒன்று உண்டு. அதில் சிஎஃப் கார்டைச் சொருகலாம். உங்கள் எம்எஃப்எம் கன்ட்ரோலரை (டிஸ்க்கை இயக்குகிற அட்டை) கழற்றாமலே பக்கத்து ஸ்லாட்டில் போடுங்கள். கன்ட்ரோலரின் ரோம் (அட்டையிலேயே பதிந்திருக்கிற நிரல்) சி800 என்ற முகவரியில் இருக்கும், அதனால் இந்த அட்டையின் ரோமை டி000-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு பெட்டி ஏறாது. டாஸ் 3.3-க்கு ஒரு பார்ட்டிஷன் 32 எம்பிக்கு மேல் தெரியாது. 2 ஜிபி கார்டு போட்டுவிட்டு ஏன் 32 தான் வருகிறது என்று பதற வேண்டாம். உங்கள் டிஸ்க் முழுவதும் சேர்த்தே 615 பெருக்கல் 4 பெருக்கல் 17 செக்டர், அதாவது 41,820 செக்டர், 2 கோடியே 14 லட்சம் பைட். ஒரு பார்ட்டிஷனே தாராளம்.

காப்பி செய்யும்போது முழு டிஸ்க்கையும் ஒரே கட்டளையில் எடுக்க ஆசைப்படாதீர்கள். நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டு ஹெட் மணிக்கணக்கில் ஒரே இடத்தைச் சுரண்டும். அப்பாவின் கடிதங்கள் எந்த டைரக்டரியோ அது முதலில், பேசிக் நிரல்கள் அடுத்து, டாஸும் வேர்ட்ஸ்டாரும் கடைசியில். அவை வேறெங்கும் கிடைக்கும். பிழை வந்து அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று கேட்டால் இரண்டு ரீட்ரை, அப்புறம் ஃபெயில், பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இதிலும் வராததற்கு இன்னொரு கருவி இருக்கிறது. டேவிட் கெஸ்வெயின் வடிவமைத்த எம்எஃப்எம் எமுலேட்டர். பீகிள்போன் என்கிற சின்னக் கணினியின் மேல் உட்காரும். டிஸ்க்கிலிருந்து வருகிற காந்தத் துடிப்புகளையே அப்படியே பதிவு செய்து, பிறகு அதிலிருந்து செக்டர்களைப் பிரித்தெடுக்கும். எடுத்த பிரதியைக் கொண்டு அதுவே டிஸ்க்காக நடிக்கவும் செய்யும். பழைய கன்ட்ரோலருக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்டிக்கு சிஎஃப் போதும், ஆனால் தன் சொந்தக் கன்ட்ரோலரைத் தவிர வேறு எதையும் ஏற்காத மினி கணினிகள் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றுதான் கதி.

பதில் 2

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. நான் விட்டுப்போனது ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் போட்டதும் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டால், திரும்ப எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்க ஓடாதீர்கள். மதர்போர்டில் சொட்டு நீர் மாதிரி வடிவத்தில் டான்டலம் கண்டன்சர்கள் இருக்கும். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் தாங்குகிறதைப் போட்டு வைத்திருப்பார்கள், அவ்வளவு இறுக்கமாக. வயதானால் நேராக ஷார்ட் ஆகும். பி8, பி9 இரண்டையும் கழற்றிவிட்டு, போர்டு பக்கம் ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். மாற்றும்போது 25 வோல்ட் போடுங்கள். முதல் முறை சுவிட்ச் போடும்போது மூஞ்சியைப் போர்டுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், டான்டலம் பட்டாசு மாதிரி வெடிக்கும்.

எக்ஸ்டியில் ஒரு நிம்மதி, போர்டில் பேட்டரி கிடையாது. 286, 386 வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் உடனே போய்ப் பெட்டியைத் திறந்து, கீபோர்டு கனெக்டருக்குப் பக்கத்தில் நீல உருளையாக ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றைக்கே வெட்டி எடுங்கள். கசிந்து பச்சை பூத்திருந்தால் வினிகரை பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலில் கழுவுங்கள். எனக்கு வருகிற செத்த போர்டுகளில் பாதி அந்தப் பேட்டரி தின்றதுதான்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

எக்ஸ்2 இரண்டும், வெளிப்பக்கத்து எலக்ட்ரோலிடிக் ஒன்பதும் மாற்றினேன். சீரிஸ் பல்பு பளிச்சிட்டு மங்கியபோது கைதட்டலாம் போலிருந்தது. 5 லைன் 5.06, 12 லைன் 11.9. டான்டலம் எதுவும் வெடிக்கவில்லை. டிஸ்க்? முதல் சுவிட்சிலேயே சுழன்றது. இதுவரை பன்னிரண்டு முறை போட்டிருக்கிறேன், பன்னிரண்டும் சுழன்றது. மணிக்கட்டு வித்தைக்கு வேலையே வரவில்லை. ஆக அண்ணன் சொன்ன 12 வோல்ட் கதைதான் போலிருக்கிறது. கீச் சத்தத்துக்கு நுரை டேப் ஒட்டினேன், அடங்கிவிட்டது. அம்மா மட்டும், சத்தம் இல்லாமல் இது அந்தக் கணினி மாதிரியே இல்லை என்கிறார்.

எக்ஸ்டி-ஐடிஇ முதல் நாள் ஏறவில்லை, ரோம் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். மாற்றியதும் சிஎஃப் டி டிரைவாக வந்தது. கடிதங்களில் மூன்று தவிர எல்லாம் வந்துவிட்டன. அந்த மூன்றில் ஒன்று, டிஸ்க் குளிர்ந்து கிடந்தபோது காலையில் முதல் வேலையாகப் போட்டதில் வந்தது.

ஆனால் இப்போது வேறு பயம். இன்றைய கணினியில் திறந்தால் கடிதங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் சரியாகத் தொடங்கி, கடைசி எழுத்து மட்டும் கண்ட கண்ட குறியாக இருக்கிறது. பேசிக் நிரல்கள் இன்னும் மோசம், ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. காப்பி செய்ததில் தவறா? டிஸ்க்கே அரித்துவிட்டதா?

பதில் 3

ஒன்றும் கெடவில்லை! வேர்ட்ஸ்டார் அப்படித்தான் சேமிக்கும். வரியைச் சீராக்குவதற்காக, சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைக்கும். அக்கால ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும், எட்டாவது சும்மாதானே கிடந்தது. டாஸ் திரையில் போட்டுப் பாருங்கள், ஆங்கில ஈ (e) எழுத்தில் முடிகிற சொல் எல்லாம் சிக்மாவில் முடியும். ஃபைலின் ஒவ்வொரு பைட்டிலும் மேல் பிட்டைச் சுழியமாக்கினால் கடிதம் தெளிந்துவிடும், நான்கு வரி நிரல். மூலத்தைத் தொடாமல் பிரதியில் செய்யுங்கள்.

பேசிக் நிரல்கள் சுருக்கக் குறிகளாகச் சேமிக்கப்பட்டவை. அந்த எக்ஸ்டியிலேயே ஜிடபிள்யூ பேசிக்கில் ஏற்றி, சேவ் கட்டளையில் பெயருக்குப் பிறகு கமா போட்டு ஏ சேர்த்துச் சேமித்தால் வெறும் எழுத்தாக வரும்.

கேள்வி கேட்டவர்

வந்துவிட்டது. நூற்று நாற்பத்தோரு கடிதங்கள், இருபத்தாறு நிரல்கள். கடிதங்கள் பெரும்பாலும் யாருக்கோ எழுதிக் கொடுத்த விண்ணப்பங்கள், சாதாரண விஷயங்கள். நிரல்களில் ஒன்றில் 220-ஆம் வரி வெறும் ரிமார்க். ஆங்கில எழுத்தில் தமிழ்: "இங்கே தப்பு வருது, நாளைக்குப் பார்க்கணும்." ஓட்டிப் பார்த்தேன். இன்னும் தப்பு வருகிறது. சுழியத்தால் வகுக்கிறது.

இனி தினம் ஓட்டுவதற்கு சிஎஃப் கார்டுதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்தலாம் என்று இருக்கிறேன். அப்படியே எடுத்து வைத்துவிடலாமா?

பதில் 2

அப்படியே எடுக்காதீர்கள். பார்க் அல்லது ஷிப் என்ற பெயரில் ஒரு சின்ன நிரல் அந்த டிஸ்க்கிலேயே இருக்கும், தேடுங்கள். அதை ஓட்டினால் ஹெட் கடைசி சிலிண்டருக்கு அப்பால் போய் உட்காரும். உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நடுவில் ஒரு டைரக்டரி போட்டுப் பார்த்தால்கூட ஹெட் திரும்ப உள்ளே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கழற்றும்போது இரண்டு ரிப்பன் கேபிளிலும் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுத்து, டிஸ்க்கோடு ஒட்டி வையுங்கள். கன்ட்ரோலர் அட்டையையும் அதே பையில் போடுங்கள். வேறு கன்ட்ரோலரில் மாட்டினால் அந்த டிஸ்க் பெரும்பாலும் படிக்காது.

அந்த 220-ஆம் வரியைத் திருத்துவதாக இருந்தால் வேறு பெயரில் சேமியுங்கள்.